இடுப்புக்குக் கீழே அரசாங்கச் சொத்து

தன் இடுப்பில் இருக்கிற உலோகப் பந்து தனக்குச் சொந்தமில்லை என்ற விவரத்தை லாமிடிக்கு முதலில் எடுத்துச் சொன்னது ஒரு கொபோக்கோ. மாட்டுத் தோலை முறுக்கிக் காயவைத்த சவுக்கு அது. அபெயோகுட்டா நகரத்தில் அதை வாங்காத முதுகு குறைவு. பள்ளிக்கூடத்தில் வாங்கியவர்கள் உண்டு, ராணுவ ஆட்சியில் வாங்கியவர்கள் உண்டு. எலும்பு மாத்திரை போட்டுக்கொண்டு வாங்கியவர்கள் என்று மூன்றாவதாக ஒரு கூட்டத்தை உண்டாக்கிய பெருமை மட்டும் மாநில மூட்டுக் காப்பு நிலையத்தைச் சேரும்.

லாமிடி அடிக்குப் பயப்படுகிற ஆளில்லை. பஸ் கராஜில் வளர்ந்தவன். பயணிகளைக் கையைப் பிடித்து இழுத்து வண்டியில் அடைப்பது, டிரைவர்களிடம் சங்கத்துக்குக் காசு பிடுங்குவது, தர மறுத்தால் கண்ணாடி துடைக்கிற கம்பியை முறித்துக் கையில் வைத்துக்கொள்வது, இதுதான் அவன் உத்தியோகம். அவனுடைய இடது காதில் பாதியை இன்னொரு கோஷ்டிக்காரன் கடித்துக்கொண்டு போய்விட்டான். ஒரு நாள், காசு கொடுக்க விரும்பாத டிரைவர் ஒருவன் வண்டியைப் பின்னால் எடுத்து அவனைச் சுவரோடு வைத்து நசுக்கினான். இடுப்பு எலும்பின் பந்து நொறுங்கிப் போனது. டிரைவர் மேல் லாமிடிக்குப் பெரிய வருத்தம் ஒன்றும் கிடையாது. கேட்டதற்கு அவன் ஒரு பதில் சொன்னான், அவ்வளவுதான் என்று எடுத்துக்கொண்டான்.

அது தேர்தல் வருஷம். ஏழைகளுக்கு இலவச இடுப்பு என்று ஆளுநர் அறிவித்திருந்தார். மூட்டுக் காப்பு நிலையத்தின் தலைவர் பேராசிரியர் ஒகுன்லானா லாமிடியின் தொடையைத் திறந்து, எலும்புக்குள் ஓர் உலோகத் தண்டை அடித்து இறக்கி, மேலே ஒரு பந்தைப் பொருத்தினார். பிறகு கட்டிலருகே நின்று பத்திரிகைக்காரர்களுக்கு விளக்கம் சொன்னார். பாரத்தை உலோகம் தாங்க ஆரம்பித்ததும் சுற்றியிருக்கிற எலும்பு சோம்பேறியாகிவிடும், மெலிந்துவிடும், தண்டு ஆட ஆரம்பிக்கும். வாரம் ஒரு மாத்திரை போட்டால் எலும்பு அரிக்காமல் நிற்கும், பந்தும் நிலையாக நிற்கும். லாமிடிக்கு இது நன்றாகவே புரிந்தது. கராஜில் புது லோடர் வந்ததும் பழைய லோடர் மூலையில் படுத்து இளைத்துப் போவதை அவன் பார்த்திருக்கிறான்.

மாத்திரைக்குச் சில விதிகள் உண்டு. வெறும் வயிற்றில் போட வேண்டும். பெரிய குவளைத் தண்ணீர் குடிக்க வேண்டும். அரை மணி நேரம் படுக்கக் கூடாது, படுத்தால் மாத்திரை மேலே வந்து தொண்டைக் குழாயைப் புண்ணாக்கிவிடும். இது மாத்திரை அட்டையிலேயே இருக்கிற சங்கதி. உலகம் முழுக்க வயதானவர்கள் நாற்காலியில் உட்கார்ந்து ரேடியோ கேட்டபடி இந்த அரை மணியைக் கழித்துவிடுகிறார்கள். ஆனால் பொதுமக்களை நம்பி ஓர் அரை மணி நேரத்தை ஒப்படைக்கலாம் என்று பேராசிரியர் ஒகுன்லானா ஒருபோதும் நினைத்ததில்லை. ஆகவே நிலையத்தில் நிமிர்வுப் பிரிவு என்று ஒன்று பிறந்தது. ராணுவத்தில் இருந்து ஓய்வு பெற்ற சார்ஜென்ட் எஃபியோங் அதற்குத் தலைவர்.

வியாழக்கிழமை விடிந்ததும் இடுப்புக்காரர்களும் முழங்கால்காரர்களும் கூடத்தில் உட்கார வேண்டும். பெஞ்சுகளுக்குச் சாய்மானம் கிடையாது, இருந்ததை வெட்டி எடுத்துவிட்டார்கள். மாத்திரை உள்ளே போனதும் கதவு சாத்தப்படும். காவலர்கள் வரிசைகளுக்கு நடுவில் கொபோக்கோவோடு நடப்பார்கள். முதல் வியாழக்கிழமை லாமிடிக்குத் தும்மல் வந்தது. தும்மி முடிக்கும் முன் தோளிலிருந்து முதுகுவரை தோல் பிய்ந்தது.

“ஓகா, அடிக்கிறது சரி” என்றான் லாமிடி, முதலாளியைக் கூப்பிடுகிற தோரணையில், மூச்சைப் பிடித்துக்கொண்டு. “எதுக்குன்னு சொல்லிட்டு அடிக்கக் கூடாதா? கராஜ்ல நாங்க காரணம் சொல்லிட்டுத்தான் கை வைப்போம்.”

“சாஞ்ச” என்றார் சார்ஜென்ட்.

“தும்மினேன்.”

“தும்மறப்ப சாஞ்ச. பயப்படாத. நாங்க இடுப்புக்கு மேலதான் அடிப்போம். இடுப்புக்குக் கீழ கவர்மெண்ட் சொத்து, அதுல ஒரு கீறல் விழுந்தா என் வேலை போயிடும்.”

பக்கத்தில் உட்கார்ந்திருந்தவள் ஈயா சகிரு. சந்தையில் அகாரா வடை சுட்டு விற்கிறவள், இரண்டு பக்கமும் இடுப்பு மாற்றிக்கொண்டவள். “என்கிட்ட கவர்மெண்ட் சொத்து ரெண்டு இருக்குடா” என்று சார்ஜென்டைப் பார்த்துச் சொன்னாள். “ஆளுநர்கிட்ட பேசற மாதிரி மரியாதையா பேசு.” அவளுக்கும் ஒன்று விழுந்தது, இடுப்புக்கு மேலே, மிகுந்த கவனத்தோடு.

லாமிடி அன்றே எழுந்து போயிருப்பான். நான்கு காவலர்களை வெறுங்கையால் சமாளிக்கிற தெம்பு அவனுக்கு இன்னும் இருந்தது. அவனைப் பிடித்து உட்காரவைத்தது கமோருவின் நினைப்பு. கமோரு கராஜில் அவனோடு வேலை பார்த்தவன், இவனுக்கு முன்னாலேயே பந்து வாங்கியவன். அம்மா சாவுக்காக ஊருக்குப் போய்ச் சில வியாழக்கிழமைகளைத் தவறவிட்டான். பந்து ஆட ஆரம்பித்துவிட்டது என்று நிலையம் முடிவு செய்தது. காவலர்கள் வீட்டுக்கே போய் அவனைத் தூக்கி வந்தார்கள். பந்தை எடுத்துவிட்டு, வெறும் குழியோடு தைத்து அனுப்பினார்கள். இதற்கு மீட்பு என்று பெயர். இப்போது கமோரு கராஜ் வாசலில் தட்டேந்தி உட்கார்ந்திருக்கிறான், கால் ஈரத் துணி மாதிரி கிடக்கிறது. லாமிடி தட்டில் காசு போடுவான், முகத்தைப் பார்க்க மாட்டான். பந்து போனால் நடை போச்சு, நடை போனால் கராஜ் போச்சு, கராஜ் போனால் அந்தத் தட்டுக்குப் பக்கத்தில் இன்னொரு தட்டு. அதனால் லாமிடி நிமிர்ந்து உட்கார்ந்தான்.

மாதம் ஒரு முறை நிலைத்தன்மைச் சோதனை நடக்கும். இந்த மாதிரிச் சோதனைக்கு மற்ற இடங்களில் எக்ஸ்ரே எடுப்பார்களாம். பேராசிரியர் எக்ஸ்ரேயை முழுதாக நம்பவில்லை. நோயாளியைப் பெஞ்சில் கட்டி, கணுக்காலில் கயிறு போட்டு, இரண்டு காவலர்கள் இழுப்பார்கள். பந்து அசைகிறதா என்று மூன்றாவது ஆள் இடுப்பில் காது வைத்துக் கேட்பான். அலறுகிறவர்கள் பற்றி நிலையத்தின் கருத்து தெளிவாக இருந்தது. அசைந்தது நோயாளி, பந்து அசையவில்லை. ஒரு முழங்கால்காரர் இழுத்த இழுப்பில் மாரடைப்பு வந்து பெஞ்சிலேயே போய்ச் சேர்ந்தார். அவருடைய முழங்கால் அருமையாக இருந்தது என்று பேராசிரியர் அடக்கத்துக்கே வந்து குடும்பத்தாரிடம் சொன்னார். சொல்லிவிட்டு அதையும் மீட்டுக்கொண்டு போனார்.

அடக்கத்தில் அவர் பேசியதை லாமிடி காதால் கேட்டான். பேராசிரியருக்குக் குரல் நல்ல குரல், மைக் தேவைப்படாது.

“சில பேர் கேக்கறாங்க, மாத்திரைக்கு எதுக்கய்யா சவுக்குன்னு. நான் அவங்களைத் திருப்பிக் கேக்கறேன், சவுக்கு இல்லாத ஊர்ல எல்லாம் பந்து லூசாகுது, இங்க ஏன் ஆகல? எங்க கணக்குல இதுவரைக்கும் நோயாளிதான் செத்திருக்கான், ஒரு இம்ப்ளான்ட்கூட சாகல. லூசாகப் போறது தெரிஞ்சா முன்னாடியே எடுத்துடறோம், அதனால லூசானதுன்னு ஒண்ணு எங்ககிட்ட கிடையவே கிடையாது. விஞ்ஞானம்னா இதுதான்.”

கூட்டம் கை தட்டியது. விதவையும் தட்டினாள், பக்கத்தில் காவலர் நின்றார்.

லாமிடியின் மனைவி சிஃபாவு ராத்திரி அவன் முதுகில் ஷியா வெண்ணெய் தடவுவாள். தடவும்போது வாயும் சும்மா இருக்காது.

“கராஜ்ல இத்தனை வருஷம் அடிச்சுக்கிட்டு வந்தப்பகூட உன் முதுகு இப்படி இல்ல. அது ஆஸ்பத்திரியா, போலீஸ் ஸ்டேஷனா?”

“போலீஸ் ஸ்டேஷன்ல ஜாமீன் உண்டு” என்றான் லாமிடி.

“ஊருக்கெல்லாம் நீ ரவுடி. அங்க போனா பூனைக்குட்டி.”

அடுத்த வியாழக்கிழமை அவள் தானே நேரில் போய்ப் பார்த்துவிடுவதென்று கிளம்பினாள். அரை மணி முடிந்ததும் அவன் சாப்பிடட்டும் என்று சூடான மக்காச்சோளக் கஞ்சியும் வறுத்த மீனும் கட்டிக்கொண்டு வந்து ஜன்னலுக்கு வெளியே நின்றாள். மீன் வாசனை உள்ளே போனது. வாசனை வயிற்றுக்குள் போனால் வெறும் வயிறு வெறும் வயிறாக இருக்குமா என்று சார்ஜென்டுக்குச் சந்தேகம் வந்தது. சந்தேகத்தின் பலனை அவர் யாருக்கும் கொடுத்துப் பழக்கமில்லாதவர். காவலர் ஒருவன் வெளியே வந்து கஞ்சிப் பாத்திரத்தை உதைத்தான். சிஃபாவு மீதி இருந்த கஞ்சியை அவன் முகத்தில் ஊற்றி, பாத்திரத்தால் மூக்கில் இரண்டு போட்டாள். மூக்கு ஒரு பக்கமாகப் போய்விட்டது, பிறகு திரும்பி வரவேயில்லை. உள்ளே இருந்த லாமிடி இதைக் கண்டு சிரித்தான். சிரிக்கும்போது உடம்பு குலுங்குவது சாய்வில் சேரும் என்று அன்றைக்கு முடிவாயிற்று. அவன் வீட்டுக்குப் போனபோது சட்டை முதுகோடு ஒட்டியிருந்தது, சிஃபாவு தண்ணீர் விட்டு நனைத்துத்தான் பிரிக்க வேண்டியிருந்தது. பிரிக்கும்போது அவள் அழுதாள்.

இப்போது பேராசிரியரின் இன்னொரு குணத்தைச் சொல்லியாக வேண்டும். அவருக்கு வணக்கம் பிடிக்கும். யொருபா ஆண்பிள்ளை பெரியவரைக் கண்டால் தரையில் நெடுஞ்சாண்கிடையாக விழ வேண்டும். பெண்ணானால் முழங்காலிட வேண்டும். இப்போதெல்லாம் பலர் குனிந்து விரலால் தரையைத் தொடுவதோடு நிறுத்திக்கொள்கிறார்கள். பேராசிரியருக்கு அது பொறுக்காது. நெஞ்சு தரையில் பட்டால்தான் வணக்கம். தான் போட்ட இடுப்பால் தனக்கே ஒருவன் விழுந்து கும்பிட முடியாது என்றால் அப்புறம் அது என்ன இடுப்பு என்பது அவர் கட்சி. இதைக் கவனித்துக்கொள்ள மரியாதைப் பிரிவு என்று தனியாக ஒரு காவல் படை வைத்திருந்தார். அவர்களிடம் கொபோக்கோ கிடையாது, தடி.

நிமிர்வுப் பிரிவும் மரியாதைப் பிரிவும் ஒரே கட்டடத்தில் இருந்தும் எந்தச் சிக்கலும் வந்ததில்லை. காரணம், அந்த அரை மணி நேரத்தில் பேராசிரியர் படுக்கையில் இருப்பார்.

ஒரு வியாழக்கிழமை வெளிநாட்டுச் சங்கம் ஒன்றின் பரிசு வந்தது, ஒரு பந்தும் அசையாத நிலையம் என்று. அதைக் கையால் கொடுக்கச் சுகாதாரக் கமிஷனர் வருவதாக ஏற்பாடு. மத்தியானம் என்று சொன்னால் கமிஷனர்கள் சாயந்திரம் வருவார்கள், அதுதான் நாட்டு நடப்பு. இந்தக் கமிஷனர் மதியம் ஒரு கல்யாணத்துக்குப் போக வேண்டியிருந்ததால் காலையிலேயே வந்து தொலைத்தார். பேராசிரியர் பொத்தான் மாட்டிக்கொண்டே ஓடி வந்து, கூடத்தின் கதவைத் தானே திறந்து, அவரை உள்ளே அழைத்து வந்தார். மாத்திரைகள் அப்போதுதான் உள்ளே போயிருந்தன.

கதவில் பேராசிரியரின் நீலத் தொப்பியைக் கண்டதும் முன்வரிசை ஆண்பிள்ளைகள் படாரென்று தரையில் விழுந்தார்கள். யோசித்துச் செய்ததில்லை. பால்குடி மறக்கும் முன்னே உடம்பில் ஏற்றிவிட்ட பழக்கம் அது, உடம்பு தானாகப் போனது. லாமிடியும் போனான். நெஞ்சு தரையில் பட்ட அதே கணத்தில் முதுகில் கொபோக்கோ பட்டது. “எழுந்திரு, அரை மணி ஆகல” என்றான் நிமிர்வுப் பிரிவுக்காரன். எழுந்தான். தடி தோளில் இறங்கியது. “ஐயா முன்னாடி நிமிந்து உக்கார்றியா?” என்றான் மரியாதைப் பிரிவுக்காரன். விழுந்தான். கொபோக்கோ. எழுந்தான். தடி. கூடம் முழுக்க ஆண்பிள்ளைகள் விழுவதும் எழுவதுமாக இருந்தார்கள். கமிஷனர் இது தனக்காக ஏற்பாடு செய்த உடற்பயிற்சி என்று நினைத்துக் கை தட்டினார்.

ஈயா சகிரு முழங்காலிட்டிருந்தாள். முழங்காலிடுவது நிமிர்வில் சேருமா, படுக்கையில் சேருமா என்று இரண்டு பிரிவுக்கும் தெரியவில்லை. இரண்டிலிருந்தும் ஒவ்வொருவன் வந்து அவள் தலைக்கு மேலே வாதாடினான். வாதத்துக்கு நடுவே தடிக்காரன் கை நீட்டினான், கொபோக்கோக்காரன் அதைத் தன் பிரிவின் மேல் கை வைத்ததாக எடுத்துக்கொண்டான். அப்புறம் எந்தக் காவலனும் நோயாளியைத் தேடவில்லை. தடி மண்டைகளைத் திறந்தது, கொபோக்கோ கன்னங்களைக் கிழித்தது. ஒருவன் இன்னொருவனின் கட்டை விரலைக் கடித்துத் துப்பினான். ஈயா சகிரு தண்ணீர்க் குவளையால் கைக்கு எட்டிய தலைகளையெல்லாம், எந்தப் பிரிவு என்று பாராமல், சமமாக அடித்தாள்.

லாமிடிக்கு எத்தனையோ மாதத்துக்குப் பிறகு சொந்த ஊருக்கு வந்தது போல இருந்தது. இது அவனுக்குத் தெரிந்த பாஷை. எழுந்தான், புது இடுப்பு கச்சிதமாகத் தாங்கியது. ஒரு காவலனின் தாடையைப் பெயர்த்தான். இன்னொருவனைத் தூக்கிச் சுவரில் எறிந்தான். சவுக்கைப் பிடுங்கி, “காரணம் சொல்லட்டுமா?” என்று கேட்டுக் கேட்டு அடித்தான். கொஞ்ச நேரம் அவன் சந்தோஷமாக இருந்தான். அந்தச் சந்தோஷத்தை நான் அவனிடமிருந்து எடுத்துக்கொள்ள விரும்பவில்லை, ஆனால் சார்ஜென்ட் எஃபியோங் பின்னால் வந்துவிட்டார். அவர் லாமிடியின் காலைப் பிடித்து வாரினார். லாமிடி மல்லாந்து விழுந்தான். படுத்துவிட்டானே என்று சார்ஜென்ட் அவனை நிமிர்த்தக் காலைப் பிடித்து ஒரு பக்கம் இழுக்க, விழுந்தவன் எழக் கூடாது என்று மரியாதைப் பிரிவினர் மூன்று பேர் அவன் இடுப்பின் மேல் ஏறி உட்கார்ந்தார்கள். கரும்பு முறிகிற சத்தம் கேட்டது. கால் வரக் கூடாத பக்கத்துக்கு வந்து, பாதம் பின்னால் பார்த்தது. எலும்பின் நுனி தொடையைக் கிழித்துக்கொண்டு வெளியே நின்றது.

“நான் அடிக்கல, இழுக்கத்தான் செஞ்சேன்” என்றார் சார்ஜென்ட், யாரும் கேட்பதற்கு முன்பாக.

எக்ஸ்ரே எடுத்தார்கள். அன்றைக்குப் பேராசிரியர் எக்ஸ்ரேயை நம்பினார். படத்தை ஜன்னல் வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்து, தள்ளுவண்டியில் லாமிடி அலறுகிற அலறலுக்கு மேலே தன் குரலை உயர்த்தி, கமிஷனருக்கு விளக்கினார்.

“பாருங்க சார். தொடை எலும்பு ரெண்டா போச்சு. மூணு ஆள் ஏறி உக்காந்திருக்காங்க, ஒரு ஆள் இழுத்திருக்கான். நம்ம தண்டு? ஒரு மயிரிழை நகரல. எலும்பு அதைக் குழந்தையைப் பிடிச்ச மாதிரி பிடிச்சிருக்கு. இதுக்கு மேல ஒரு நிரூபணம் யாராவது குடுக்க முடியுமா?”

கமிஷனர் கண் கலங்கினார். அரசாங்கத்தின் உறுதிக்கு இது ஓர் அடையாளம் என்று பேசினார். மக்கள் முறிந்தாலும் திட்டம் முறியாது என்றார். பரிசை வாங்கும்போது பேராசிரியரின் அங்கியில் கொஞ்சம் ரத்தம் இருந்தது, புகைப்படத்தில் அது தெரியாதபடி பூங்கொத்தை வைத்து மறைத்தார்கள்.

“ஐயா, என் கால்” என்றான் லாமிடி. “கட்டுப் போடுங்க. மாத்திரை ஒரு வாரம்கூட விட்டதில்ல நான். என் பந்தை எடுத்துடாதீங்க.”

பேராசிரியர் அவன் தலையைத் தடவிக் கொடுத்தார். முறிந்த எலும்பைத் தகடு வைத்துச் சேர்க்கலாம்தான். ஆனால் அதற்கான தகடு மாநிலத்தின் வேறொரு துறையைச் சேர்ந்தது, அந்தத் துறைக்கு ஒகுன்லானாவைப் பிடிக்காது. நடக்க முடியாதவனிடம் நல்ல பந்தை விட்டுவைப்பது மக்கள் பணத்தை வீணாக்குவது. ஆகவே மீட்பு என்று முடிவாயிற்று. லாமிடியை மேசையில் கட்டினார்கள். தொடையைத் திறந்து, பந்தில் கொக்கி மாட்டி, சுத்தியலால் கீழிருந்து மேலே அடித்தார்கள். வரவில்லை. பெரிய சுத்தியல் கொண்டுவந்தார்கள். வரவில்லை. சார்ஜென்ட் மேசையில் கால் ஊன்றி இழுத்துப் பார்த்தார். மாத்திரை அவ்வளவு நன்றாக வேலை செய்திருந்தது. பேராசிரியர் வியர்வையைத் துடைத்துக்கொண்டு, பெருமையும் எரிச்சலுமாக அதைப் பார்த்தார். பிறகு ரம்பம் கேட்டார். பந்து, தண்டு, எலும்பு எல்லாமாகச் சேர்த்துக் காலையே எடுத்தார்கள்.

இப்போது நிலையத்தின் முன்கூடத்தில் ஒரு கண்ணாடிப் பெட்டி இருக்கிறது. அதற்குள் லாமிடியின் தொடை எலும்பின் மேல்பாதி, உலோகத்தை இறுகப் பிடித்தபடி, வெல்வெட்டில் நிற்கிறது. மாநிலத்திலேயே உறுதியான இம்ப்ளான்ட் என்று தங்க எழுத்தில் போட்டிருக்கிறார்கள். பள்ளிப் பிள்ளைகள் வந்து பார்க்கிறார்கள். அது நிலையத்தின் பொறுப்பில் இருக்கிற இம்ப்ளான்ட் என்பதால் விதிகளும் அதற்கு உண்டு, வாரா வாரம் மாத்திரை போட்டாக வேண்டும். எலும்பால் விழுங்க முடியாது. எலும்பு லாமிடியுடையது. ஆகவே வியாழக்கிழமை விடிந்ததும் சிஃபாவு அவனைச் சரக்கு வண்டியில் வைத்துத் தள்ளிக்கொண்டு வருகிறாள். காவலர்கள் அவனைத் தூக்கிப் பெட்டிக்கு எதிரே உட்காரவைத்து, மாத்திரையும் குவளையும் கொடுக்கிறார்கள்.

முதல் தடவை சிஃபாவு அவன் கையைப் பிடித்துத் தடுத்தாள். உனக்கென்ன பைத்தியமா, அது கண்ணாடிக்குள்ள இருக்கு, கீழே துப்பு என்றாள். லாமிடி மாத்திரையை விழுங்கி, தண்ணீரைக் கடைசிச் சொட்டுவரை குடித்துவிட்டுத்தான் பேசினான்.

“அது லூசாயிடுச்சுன்னு வை, மாத்திரை வேலை செய்யலைன்னு ஆயிடும். அப்ப வேலை செஞ்சு காட்டணும்னு இன்னொரு காலுக்கு வருவாங்க.”

சொல்லிவிட்டு அவன் பெட்டியைப் பார்த்தபடி நிமிர்ந்து உட்கார்ந்தான். சிஃபாவு அவனுடைய மீதமிருந்த காலைத் தன் துணியால் மூடி, அதன் மேல் கையை வைத்துக்கொண்டு பக்கத்தில் உட்கார்ந்தாள். அரை மணி நேரம் அவளும் நிமிர்ந்தே இருந்தாள்.